அப்பாவின் பெயர் ஒட்டிய இரண்டு நீலப் பெட்டிகள்

என் தாடை மூட்டு பழுதாகிவிட்டது என்று டொக்டர் சொன்ன அன்று என் வீட்டுக்காரர் மிகவும் கண்ணியமாக நடந்துகொண்டார். சிரிக்கவில்லை. மெத்ரோ ரயிலில் வீட்டுக்கு வரும் வழி முழுக்க யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கொடுப்புக்குள் எதையோ அடக்கியபடி இருந்தார். முப்பத்தொரு வருடமாக என் வாயோடு குடும்பம் நடத்திய மனுஷன். அந்த வாய்க்கு இனி ஓய்வு வேண்டும் என்று படித்த ஒருவர் எழுத்தில் கொடுத்திருக்கும்போது அவருக்கும் ஒரு சந்தோஷம் வரத்தானே செய்யும்.

தொடக்கத்தில் அதைக் காது வலி என்றுதான் நினைத்தேன். காலையில் எழும்பினால் இடது காதுக்கு முன்னால் ஒரு குத்து. பாண் கடித்தால் காதுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். நான் வில்லரேயில் ஒரு கார்டெரியில், பகல்நேரப் பிள்ளைக் காப்பகத்தில், சமையல் செய்கிறேன். அறுபது சின்னப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு. அங்கே ஒருநாள் காலை கொட்டாவி விடுவதற்காகத் திறந்த வாய் பாதியில் நின்றுவிட்டது. மூடவும் இல்லை, முழுக்கத் திறக்கவும் இல்லை. உதவிக்கு நின்ற பெண் நான் ஏதோ பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். ஒரு நிமிஷம் கழித்து அது தானாக விட்டது. நான் அவளை ஏசியதிலிருந்து வாய் வேலை செய்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

குடும்ப டொக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, காது தங்கமாக இருக்கிறது என்று சொல்லி, கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஒரு பல் மருத்துவ நிலையத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த பல் டொக்டர் என் மகள் வயதுப் பெண். இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து, வாயைத் திற, மூடு என்றாள். ஒரு சின்ன அடிமட்டத்தைப் பல்லுக்கு நடுவே பிடித்து, எவ்வளவு திறக்கிறது என்று அளந்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பல்லைக் கடிக்கிற பழக்கம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். மனதில் ஏதும் பாரம், யாரோடும் கோபதாபம்? அப்படி ஒன்றும் இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

அவள் விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட மாதிரிச் சொல்கிறேன். மனிதருக்குச் சாப்பிடும் நேரம் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முட்ட வேண்டிய தேவையே இல்லை. உதடு மூடியிருக்க வேண்டும், பல் முட்டாமல் இருக்க வேண்டும். நானோ படுத்தால் எழும்பும்வரை பல்லை நெரித்துக்கொண்டு கிடக்கிறேன். தசை ஓய்வில்லாமல் இழுக்க, காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டு அதன் பலனை அனுபவிக்கிறது. அதற்கு, மேல்பல் வரிசையில் மாட்டுகிற ஒரு பிளேட் செய்து தருவார்களாம். வெளியே கெட்டி, உள்ளே கொஞ்சம் மெது. அதை மாட்டிக்கொண்டு படுத்தால் பல் பல்லை எட்டாது. தசை கொஞ்ச நாள் முயற்சி செய்துவிட்டுக் களைத்துப் போய்விடும்.

அதோடு கடினமானது எதையும் கடிக்கக்கூடாது. அவள் காரட் என்றாள், கொட்டைகள் என்றாள். நான் மனதுக்குள் முறுக்கு, பகோடா, வறுத்த கச்சான் என்று மாற்றி எழுதிக்கொண்டேன். வாயை அகலத் திறந்து நீண்ட நேரம் பேசுவதையும் குறைக்க வேண்டும் என்றாள். என் வீட்டுக்காரர் அந்த இடத்தை மட்டும் தனக்கு விளங்கவில்லை என்று சொல்லி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

பிளேட் வந்தது. ஒரு நீலப் பெட்டிக்குள் வந்தது. ஆறு கிழமை கழித்து முதல் தவணைக்குப் போனபோது டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். இடது பக்கத்தில் இரண்டு மெல்லிய கீறல். பல்லால் அழுத்துவதெல்லாம் இதில் பதியும், இதைப் பார்த்தால் எவ்வளவு கடிக்கிறீர்கள் என்று தெரியும் என்றாள். என்னுடையது பரவாயில்லையாம். எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். என் கோபத்துக்கு இரண்டு கீறல் போதாது என்று பட்டது.

கோபதாபம் ஒன்றும் இல்லை என்று டொக்டருக்குச் சொன்னது பொய். அக்காவோடு எனக்கு நாலு வருடமாகக் கதைபேச்சில்லை.

அப்பாவின் திவசம் ஒவ்வொரு வருடமும் லாசாலில் அக்கா வீட்டில்தான் நடக்கும். அவதான் மூத்தவ, குசினியும் பெரிது. திவசச் சமையலில் படைத்து முடியும்வரை யாரும் எதையும் வாயில் வைக்கக்கூடாது. உப்பும் பார்க்கக்கூடாது, கைக்கணக்குத்தான். அக்கா இந்த விஷயத்தில் சாதாரண நாளிலேயே கடுமை. தண்ணீர் குடிப்பதென்றாலும் ரம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்துதான் குடிப்பா. மற்றவர் வாய் வைத்த கோப்பையைத் தொட்டால் கை கழுவுவா. அந்த வருடம் பூசணிக்காய்க் கறி என் பொறுப்பு. நான் சமைத்துப் பிழைக்கிறவள், உப்புப் பார்க்காமல் எனக்குக் கை ஓடாது. அகப்பையிலிருந்து ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தேன். அகப்பை என் வாயில் படவே இல்லை. இதை இன்றைக்கும் எந்தச் சபையிலும் சொல்வேன்.

அக்கா பார்த்துவிட்டா. நேரே வந்து சட்டியைத் தூக்கினா. அவவின் சம்பந்தி வீட்டார், ஐயர், என் வீட்டுக்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கறி முழுவதையும் தொட்டிக்குள் ஊற்றினா. ஊற்றிவிட்டு, "எச்சில்படுத்திப்போட்டாய்" என்றா. நான் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு சாப்பிடாமல் வெளிக்கிட்டேன். திவச வீட்டில் சாப்பிடாமல் போவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று எனக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் அப்படிச் செய்தேன்.

அன்றிலிருந்து நான் அந்த வீட்டு வாசல் மிதிக்கவில்லை, அவவும் என் வீட்டுக்கு வரவில்லை. ஆண்கள் இரண்டு பேரும், அத்தானும் என் வீட்டுக்காரரும், வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சந்தித்து, எங்கள் இரண்டு வீட்டுச் செய்தியையும் மாற்றிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்டதில்லை. நான் கேட்காததை என் வீட்டுக்காரர் சொன்னதும் இல்லை.

போன பங்குனியில் எனக்கு இரண்டாவது தவணை. பல் மருத்துவ நிலையத்தின் வரவேற்பில் இருக்கும் நரைத்த தலை அம்மா ரெலிபோனில் நாள் சொன்னபோது கூடவே நிறையப் பேசினார். பிரெஞ்சு வேகமாக வந்தால் நான் செய்கிற வேலையைத்தான் அன்றும் செய்தேன். ஒன்றும் விளங்காமலே ஓம், ஓம், நன்றி என்கிற மாதிரி வுய், வுய், மெர்சி என்று சொல்லி வைத்தேன்.

அங்கே போனதும் நீலப் பெட்டியை வரவேற்பில் கொடுக்க வேண்டும். அவர்கள் பிளேட்டை ஒரு மெஷினில் கழுவி, பெட்டியோடு தட்டில் வைப்பார்கள். பிறகு டொக்டர் அதை வாயில் மாட்டிப் பார்த்துச் சரி செய்வாள். நான் பெட்டியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் கதவு திறந்தது. அக்கா வந்தா. கழுத்துச் சால்வையைத் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்தா. மெலிந்திருந்தா. பையிலிருந்து அதேமாதிரி ஒரு நீலப் பெட்டியை எடுத்து வரவேற்பில் கொடுத்தா.

நரைத்த தலை அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக் கைகளைச் சேர்த்துக்கொண்டார். இந்த மாகாணத்தில் கலியாணம் கட்டினாலும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான் கடைசிவரை. ஆகவே எங்கள் இருவரின் பெட்டியிலும் அப்பாவின் பெயர். ஒட்டின துண்டை விட்டு வெளியே வழிகிற அளவு நீளமான பெயர். இந்த ஊரில் அப்படி ஒரு பெயர் இரண்டு பேருக்கு இருந்தால் சகோதரிகளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் கண்டுபிடித்து, தனித்தனியாக அலைய வேண்டாமே என்று ஒரே காலையில் நாள் போட்டிருக்கிறார். நான் ரெலிபோனில் மெர்சி சொன்னது இதற்குத்தான்.

அக்கா என்னைக் கண்டா. கண்டுவிட்டு, அறையின் மறுகோடியில் இருந்த கதிரையில் போய் உட்கார்ந்தா. நான் சுவரில் ஒட்டியிருந்த பல் படங்களைப் படித்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா பையிலிருந்து ஒரு போத்தல் எடுத்தா. அதற்குள் ஒரு ஸ்ட்ரோ. உதட்டை ஒரு கோடு அளவுக்குத் திறந்து, ஸ்ட்ரோவை உள்ளே தள்ளி, உறிஞ்சினா. அண்ணாந்து குடிக்க அவவுக்கு வாய் திறக்கவில்லை.

அதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. மனதுக்கு என்னவோ செய்தால் எழும்பிப் போய்விடுவது என் பழக்கம். நேரே வரவேற்புக்குப் போய், கார்டெரியில் ஒரு அவசரம் என்றேன். தட்டில் இரண்டு பெட்டியும் ஈரம் காயாமல் இருந்தன. இரண்டிலும் அப்பாவின் பெயர். எங்கள் பெயருக்கு முதலெழுத்து மட்டும், அதுவும் ஒன்றே. டொக்டர் மாட்டிப் பார்க்காமல் கொண்டு போகக்கூடாது என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருக்க, கையில் முதலில் பட்டதை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

படுக்கப் போகும்போது மாட்டினால் பிளேட் ஏறவில்லை. மெஷினின் சூட்டில் சுருங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். பிழை எப்போதும் மெஷினில்தான் இருக்கும். இறுக்கமாக இருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைக்கலாம் என்று டொக்டர் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. இளஞ்சூடு என்று அவள் சொன்னதை நான் தேத்தண்ணி போடுகிற சூடு என்று எடுத்துக்கொண்டு, கேத்தலில் கொதித்த தண்ணீரில் போட்டு எடுத்து, இரண்டு பெருவிரலாலும் அமத்தினேன். மூன்றாம் தரம் ஏதோ ஒரு மாதிரி ஏறியது. காலையில் இடது பக்கத்து வலிக்குத் துணையாக வலது பக்கமும் வலித்தது. குணமாகும்போது வலிக்கத்தானே செய்யும் என்று அடுத்த நாளும் மாட்டினேன். அதற்கடுத்த நாளும். பல் மருத்துவ நிலையத்திலிருந்து நாலு தரம் அழைப்பு வந்தது. ஓடி வந்ததற்கு ஏச்சு விழும் என்று நான் எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை நான் கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் தானாகவே வாய் திறந்தார். நேற்றுக் கோயிலில் அத்தானைக் கண்டாராம். அக்காவுக்கு வாயில் ஒரு விரல்கூட நுழையவில்லையாம், மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணிதானாம். பல் டொக்டரிடம் கழுவக் கொடுத்த பிளேட்டை யாரோ மாறி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

"ஆர் எண்டு தெரியாதாமோ?" என்றேன்.

"தெரியுமாம்" என்றார். பிறகு கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். அக்காவுக்கும் தாடை வருத்தம் இருப்பது அவருக்கு ஒரு வருடமாகத் தெரியுமாம். "நீ கேக்கேல்லையே" என்றார்.

நான் குளியலறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்று நாள் வாயில் வைத்திருந்தேன், ஒருதரமும் கண்ணால் பார்க்கவில்லை. என்னுடையதில் இரண்டு கீறல் இருந்தது. இதில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. பின்பக்கத்தில் ஒரு இடம் கடித்துக் கடித்துத் தேய்ந்து, ஒற்றைத் தாள் கனத்துக்கு வந்திருந்தது.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு வந்தது ஒரு அற்ப சந்தோஷம். என்னைவிட அவவுக்குக் கூட உறுத்தியிருக்கிறது. அந்தச் சந்தோஷம் துவாயை எடுத்து முகம் துடைக்கிற நேரம்கூட நிற்கவில்லை. நாலு வருடமாக எனக்கு மட்டும்தான் காயம், அவ கறியை ஊற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டு சுகமாக இருக்கிறா என்று நம்பியிருந்தேன். அவ இந்த நெரிப்பு நெரித்திருக்கிறா. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அழுவதற்குக்கூட வாயைக் கொஞ்சம் திறக்க வேண்டியிருந்தது, அது வலித்தது.

பிறகுதான் ரெலிபோனில் இருந்த செய்திகளைக் கேட்டேன். நாலிலும் அந்த வரவேற்பு அம்மா, ஒன்றைவிட ஒன்று மெதுவாகவும் சத்தமாகவும் பேசியிருந்தார். நீங்கள் எடுத்தது உங்கள் சகோதரியுடையது. உங்களுடையதை அவர் கொண்டு போயிருக்கிறார், தானே உங்களிடம் மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். கடைசிச் செய்தியில் டொக்டர் சொன்னதாக ஒன்று: தயவுசெய்து அதை மாட்ட வேண்டாம், எந்தக் காரணம் கொண்டும் சூடு காட்ட வேண்டாம், வடிவம் மாறினால் புதிதாகத்தான் செய்ய வேண்டும், அதற்கு மூன்று நாலு கிழமை எடுக்கும்.

மெத்ரோவில் கடைசி ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து பஸ் எடுத்து லாசாலுக்குப் போனேன். நடைபாதையில் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. வழி முழுக்க என்ன சொல்வது என்று பாடமாக்கினேன். முதல் பதிப்பில் அகப்பை வாயில் படவில்லை என்ற விளக்கம் இருந்தது. பஸ்ஸில் அதை எடுத்துவிட்டேன். லிஃப்டில் மறுபடி சேர்த்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தது அக்காதான். என்னைப் பார்த்தா, என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தா, விலகி வழி விட்டா. குசினி மேசையில் கஞ்சியும் ஸ்ட்ரோவும் இருந்தன. அவவின் இடது கன்னம் வீங்கியிருந்தது. நான் பாடமாக்கியதில் ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை. நின்றபடியே, உங்கட எண்டு தெரியாமல் மூண்டு நாள் வாயில போட்டுட்டன், கேத்தல் சுடுதண்ணியில போட்டு அமத்தியும் போட்டன், இனி உங்களுக்குப் பொருந்தாது, புதுசுதான் செய்ய வேணும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவ ஏச வேண்டும் என்று எதிர்பார்த்தேன். எச்சில் என்று சொல்ல வேண்டும், பிளேட்டைத் தொட்டியில் எறிய வேண்டும். அக்கா அறைக்குள் போய் என் பெட்டியைக் கொண்டு வந்து மேசையில் வைத்தா. திறந்தேன். என் பிளேட்தான். என் இரண்டு கீறல் இடது பக்கத்தில் இருந்தது. முன்பக்கத்தில் புதிதாக மூன்று நாலு குழி.

அக்கா கதிரையில் உட்கார்ந்து, பல்லைத் திறக்காமல், உதட்டால் மட்டும் சொன்னா:

"நோவு தாங்கேலாமல் நானும் போட்டனான். முழுக்க ஏறேல்லை. முன்னுக்குக் கவ்விக்கொண்டு படுத்தனான்."

நான் அவவையே பார்த்தேன். என் பக்கம் நடந்தது மாறி எடுத்த பிழை. அவவுக்கோ அது யாருடையது என்று முதல் நாளே தெரியும்.

"உன்ரை எண்டு தெரிஞ்சுதான்" என்றா.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. இரண்டு பேருக்கும் கதைக்க ஏலாது, டொக்டர் உத்தரவு. அவ எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தா. நான் குடித்து முடித்த கோப்பையைத் தானே எடுத்துக் கழுவினா. கழுவிய பிறகு கையையும் சோப்புப் போட்டுக் கழுவினா. பழக்கம் பழக்கம்தான். நான் கோட்டு மாட்டும்போது வாசல்வரை வந்தா.

"வாற வியாழன் அப்பான்ர திவசம். வெள்ளன வா. உப்பு மட்டும் பாக்காதை."

திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே பல் டொக்டரிடம் போனோம். வரவேற்பு அம்மா தன் திட்டம் பலித்த மகிழ்ச்சியில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். டொக்டர் இரண்டு பிளேட்டையும் மேசையில் வைத்து நீண்ட நேரம் பார்த்தாள். அக்காவுக்குப் புதிதாக அளவெடுத்தாள். என்னுடையதைத் தேய்த்துச் சரி செய்தாள். என்ன நடந்தது என்று எங்களிடம் கேட்கவில்லை. அவளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.

வியாழக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் போனேன். பூசணிக்காய்க் கறியை அக்கா என்னிடமே விட்டா. நான் கைக்கணக்கில் உப்புப் போட்டேன். கை இரண்டு தரம் அகப்பைக்குப் போனது, இரண்டு தரமும் திருப்பி எடுத்தேன். அக்கா அடுப்புக்கு மறுபக்கம் நின்று, பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தா. படைத்து, ஐயரை அனுப்பி, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் குழையக் கரைத்த சோறு.

நான் முதல் வாய் வைத்தேன். கறியில் உப்பே இல்லை.

அக்காவும் ஒரு வாய் வைத்தா. என்னைப் பார்த்தா. நான் உதட்டை மூடிக்கொண்டு, பல் பல்லோடு முட்டாமல், டொக்டர் சொன்னபடியே இருந்தேன். அக்கா குனிந்து, தன் கோப்பையில் இருந்த அந்தக் கறியை முழுக்கச் சாப்பிட்டு முடித்தா. பிறகு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி என் பக்கம் கோப்பையை நீட்டினா.